குழிக்குள் வந்த கங்கை

“பள்ளத்தப் பாக்கவா மலேசியாவுலேர்ந்து வந்தீங்க?” என்று கேட்டார் கடலூர் லாட்ஜில் எனக்குச் சாவி கொடுத்தவர். ஆமாம் என்றேன். “நம்ம ஊரு ரோட்டுலயே ஜாஸ்தியா இருக்குதே மேடம், ஒரு போன் போட்டிருந்தா நானே போட்டோ எடுத்து அனுப்பியிருப்பேன்” என்றார். சிரித்துக்கொண்டே மாடி ஏறினேன். என் வேலையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் கிண்டல் செய்ததில்லை.

பெரிய கட்டடத்துக்காக ஓரிடத்தில் பூமியைத் தோண்டுவார்கள். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் நான் குழிக்குள் இறங்கி, தரையைத் தட்டி, தடவி, கீறிப் பார்த்து, இது தாங்கும் அல்லது தாங்காது என்று சொல்வேன். அவ்வளவுதான் வேலை. இதுவரை நான் அதிகம் இறங்கியவை கொரியாவில் அணுமின் நிலையங்களுக்காகத் தோண்டிய குழிகள். அங்கே பாறையின் முகத்தைக் கழுவித் துடைத்து, காற்றடித்து, ஒவ்வொரு கீறலையும் படம் வரைந்த பிறகுதான் மேற்கொண்டு பேசுவார்கள். 2010 ஐப்பசியில் கடலூர்ப் பக்கம் வந்தது ஓர் அனல்மின் நிலையத்துக்காக. அணு உலையைப் பார்த்தவளுக்கு நிலக்கரி இளப்பமா என்று நண்பர்கள் கேட்டார்கள். மேலே எதை எரிக்கிறார்கள் என்று மண்ணுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது பாரம் மட்டும்தான்.

முதல் நாள் காலை, லாட்ஜுக்கு எதிரே இருந்த ஓட்டலில் உட்கார்ந்து, “பசியாற என்ன இருக்கிறது?” என்று கேட்டேன். பரிமாறுபவர் என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, “மாஸ்டர், ஒரு அம்மா பசியாறணுமாம்!” என்று குரல் கொடுத்தார். எங்கள் ஊர் தைப்பிங்கில் காலை உணவுக்கு எல்லோரும் சொல்கிற சொல்தான். இங்கே நான் ஏதோ பழைய படத்திலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி ஆகிவிட்டேன். ஆனாலும் இட்லி சூடாக வந்தது, கூடவே கேட்காமலே ஒரு வடையும் வந்தது. மறுநாளிலிருந்து அந்த மனிதர் என்னைப் பார்த்ததும், “பசியாறலாமா மேடம்?” என்பார்.

எனக்கு ஒரு குணம் உண்டு. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். தூக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. கண் பாதி மூடியிருக்கும், காதில் பாட்டு விழுந்துகொண்டிருக்கும், சவுக்குத் தோப்பும் முந்திரிக் காடும் நனைந்த வயலும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலை இதற்காகவே போட்டதுபோல இருந்தது. முதல் நாள் எப்படியோ சரியான நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அங்கே ஒரு பைக்கோடு காத்திருந்தவர்தான் ஆரோக்கியராஜ்.

ஆரோக்கியராஜ் அந்தக் குழியின் பொறுப்பாளர். முப்பது வயது இருக்கும். அவர் வீட்டில் பொறியியல் படித்த முதல் ஆள் அவர். தனிப் பொறுப்பாக அவருக்குக் கிடைத்த முதல் வேலை இந்தக் குழி. கடல் பக்கம் பிரிந்த செம்மண் சாலையில் பைக்கை ஓட்டியபடி தலையைப் பாதி திருப்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். “திங்கக்கெழம கான்கிரீட் போட்டாவணும் மேடம். மழ புடிச்சிக்கிச்சின்னா தை வரைக்கும் உள்ள எறங்க முடியாது. கரை சரிஞ்சி உள்ள வுழுந்துச்சின்னா தோண்டுனதெல்லாம் வீண். அப்பறம் என்னைய எவன் நம்பி ஒரு வேல குடுப்பான்?”

குழி வருவதற்கு வெகு முன்பே அதன் சத்தம் வந்தது. தடதடவென்று ஜெனரேட்டர்கள். குழியைச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, பகலும் இரவுமாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதானாலும் காதருகே போய்க் கத்த வேண்டும். அப்படிக் கத்திக் கத்திப் பழகியதால் அங்கே வேலை செய்தவர்கள் டீக்கடையிலும் கத்தித்தான் பேசினார்கள்.

உள்ளே இறங்கினேன். குழியின் தரை நல்ல களிமண். பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், கட்டைவிரலால் அழுத்தினால் லேசில் அமுங்காத உறுதி. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்தக் களிமண்ணுக்குக் கீழே மணல். அந்த மணலுக்குள் மேற்கே மேட்டு நிலங்களிலிருந்து இறங்கி வந்த தண்ணீர், போக வழி இல்லாமல் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடந்தது. பால் கொதித்து ஆடையைத் தூக்குமே, அந்த மாதிரி இந்தத் தண்ணீர் களிமண்ணைத் தூக்கப் பார்க்கும். கிணறுகள் இறைத்துக்கொண்டே இருக்கிறவரை அழுத்தம் அடங்கியிருக்கும். இதைத்தான் ஆரோக்கியராஜின் காதில் கத்தினேன். “எது நின்றாலும் பம்பு நிற்கக் கூடாது!”

“நிக்காது மேடம்! கரண்ட் போனாலும் நிக்காது!” என்று அவர் பதிலுக்குக் கத்தினார். அந்த வருடம் தமிழ்நாட்டில் மின்சாரம் வந்தால்தான் செய்தி. அதனால் எல்லாமே டீசலில் ஓடின.

சனிக்கிழமை மாலைக்குள் தரை முழுவதையும் பார்த்து முடித்தேன். தாங்கும் என்று சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்தச் சந்தோஷத்தில் என்னைத் திருவந்திபுரத்துக்கு அழைத்துப்போனார். கெடிலம் ஆற்றங்கரையில் மாலை வெயில் தண்ணீரில் மஞ்சளாகக் கிடந்தது. அன்று காலையில் கல்யாணம் செய்துகொண்ட ஜோடிகள் அப்போதும் மாலையும் கழுத்துமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோயிலில் ஒரு கிணறு. ஆதிசேஷன் வாலால் பூமியை அடித்து வரவழைத்த தண்ணீர் என்கிறார்கள். வேண்டிக்கொண்டவர்கள் உப்பு, மிளகு, வெல்லம் மூன்றையும் அதில் போடுகிறார்கள்.

“எனக்குங்கூட எங்கம்மா போட்டாங்க” என்றார் ஆரோக்கியராஜ். “சின்ன வயசுல கழுத்து பூரா மரு. மாதா கோயில்லயும் மெழுகுவத்தி ஏத்துனாங்க, இங்கயும் வந்து மொளகு போட்டாங்க. மரு போயிடுச்சி. யாரு கேட்டாங்கன்னுதான் இன்னி வரைக்கும் தெரில.”

ஞாயிற்றுக்கிழமை கம்பி கட்டுகிறவர்களுக்குத்தான் வேலை, எனக்கு இல்லை. ஆனாலும் தரையை இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன். வழக்கம்போல் கண் செருகியது. “எம்மா, இன்னும் எங்க போவணும்? பஸ்ஸு இதுக்கு மேல போவாது, சிதம்பரம் வந்தாச்சி” என்று நடத்துநர் எழுப்பினார். கோபித்துக்கொள்ள யாரும் இல்லாததால் என்னையே திட்டிக்கொண்டு இறங்கினேன். வந்தது வந்தாயிற்று என்று, முதலில் சாப்பாடு. சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும். அந்தக் கொத்சை நான் இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன், மூன்றாவது முறை கேட்க வெட்கமாக இருந்தது. பக்கத்து மேசையில் அண்ணாமலை நகர் விடுதி மாணவர்கள், பரீட்சை தள்ளிப்போகும் என்று ஒருவருக்கொருவர் நம்பிக்கை ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கோயில். சிதம்பர ரகசியம் என்று பேச்சுக்குச் சொல்லிப் பழகிய எனக்கு, அதைக் கண்ணால் பார்ப்பது அதுவே முதல் தடவை. தீட்சிதர் திரையை விலக்கினார். தங்க வில்வமாலை தொங்கியது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கூட்டம் முழுவதும் அந்த ஒன்றும் இல்லாததைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. என் அருகில் நின்ற ஒரு பெண் அழுதாள். எனக்கு ஏனோ கொரியாவின் குழிகள் நினைவுக்கு வந்தன. அங்கேயும் ஒரு வெற்றிடத்தின் ஓரத்தில்தான் நாங்கள் மௌனமாக நின்றோம். பிராகாரத்தில் வெகுநேரம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மழைக்கு முந்தைய காற்று கல்தரையில் வந்து படுத்துக்கொண்டது. மனசு இவ்வளவு லேசாக இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் பூஜை, பிறகு கான்கிரீட் என்று சொல்லியிருந்தார்கள். ஆரோக்கியராஜ் ஏழு மணிக்கே வீட்டிலிருந்து நேராக நிறுத்தத்துக்கு வந்தார். புதுச் சட்டை. வானம் கறுத்து, ஆனால் பெய்யாமல் நின்றது. செம்மண் சாலையில் பைக் போக, நான் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு காற்றைக் கேட்டேன். காற்றுக்குப் பின்னால் சவுக்கு மரங்களின் சீறல். அதற்கும் பின்னால் தாழ்வாக, நிறுத்தாமல், பெரிதாக ஏதோ மூச்சு விட்டது. கடல்! எத்தனை நாளாக இங்கே வருகிறேன், ஒருநாளும் கடலைக் கேட்டதில்லையே என்று நினைத்தேன். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக் கூரையில் விழும் மழை போல அவ்வளவு சுகமாக இருந்தது. நான் சிரித்துக்கொண்டேகூட இருந்திருப்பேன்.

அப்புறம்தான் உறைத்தது, கடல் ஏன் கேட்கிறது என்று.

“ராஜ், பம்பு!” என்று அவர் தோளை அழுத்தினேன். பைக்கின் வேகம் கூடியது.

குழிக்குள் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். குருக்களுக்கு அடுத்து ஒரு கிரகப்பிரவேசம் இருந்ததால் பூஜையை ராகு காலத்துக்கு முன்பாகவே, ஆரோக்கியராஜ் வருவதற்குள் விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டார்கள். ஈசான்ய மூலையில், அதாவது குழியின் வடகிழக்கு ஓரத்தில், நவதானியக் கலசம் வைக்க முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டியிருந்தார்கள். நான் விரலால் அழுத்திப் பார்த்துத் தாங்கும் என்று சொன்ன களிமண்ணில். அந்தப் பள்ளத்திலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

“கங்கையே வந்துட்டா மேடம்!” என்று கும்பிட்டபடி ஓடிவந்தார் ஃபோர்மேன் கதிர்வேல். விவசாயக் குடும்பத்து மனிதர். எந்த வேலையையும் சூடம் கொளுத்தாமல் ஆரம்பிக்க மாட்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. “வெட்டுன எடத்துல தண்ணி! எந்த சைட்லயும் நான் பாத்ததில்ல!”

“மாமா, பம்ப யாரு நிறுத்தச் சொன்னது?” என்றார் ஆரோக்கியராஜ்.

“நாந்தான் மாப்ள. ஐயரு சொல்ற மந்திரம் ஒண்ணுமே காதுல வுழல. பூமாதேவிக்கு மட்டும் வுழுவுமா? பூஜ முடியுற மட்டும் நிறுத்துங்கடான்னேன்.”

குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மந்திரம் கேட்க வேண்டும் என்று நினைத்தது ஒரு குற்றமா? எங்கள் ஊரில் காவடி எடுக்கும்போது போலீஸ்காரரே சாலையை நிறுத்துவார்.

ஆட்கள் அந்தத் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டிருந்தார்கள். புஷ்பா என்ற சித்தாள் பெண், திருவந்திபுரத்துக்காரி, முந்தானை முடிச்சை அவிழ்த்து உப்பும் மிளகும் வெல்லமும் எடுத்துப் பள்ளத்தில் போட்டாள். “எங்கூருத் தண்ணி மாரியே வந்திருக்குது யக்கா” என்றாள் என்னிடம். நான் மண்டியிட்டுப் பார்த்தேன். மிளகு கீழேயே போகவில்லை. பள்ளத்தின் நடுவில் அது எழும்பி எழும்பிச் சுழன்று ஆடியது. அதைச் சுற்றி வெள்ளை மணல் எறும்புப் புற்று மாதிரி வளையமாகக் குவிந்துகொண்டிருந்தது. தண்ணீர் கலங்கல். தெளிந்த தண்ணீர் வந்தால் கொஞ்சம் யோசிக்க நேரம் இருக்கும். கலங்கல் வந்தால் அது அடியிலிருக்கும் மண்ணை அரித்து எடுத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். நாங்கள் நின்றிருந்த தரை கீழேயிருந்து குடைபட்டுக்கொண்டிருந்தது. அந்த மிளகு மட்டும் அவ்வளவு அழகாக ஆடிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் மேலே ஏறுங்கள்!” என்றேன். யாரும் நகரவில்லை. “கற்பூரம் காட்டாம எப்பிடி மேடம் ஏறுறது? பாதியில வுட்டா ஆவாது” என்றார் கதிர்வேல். நாலு பேர் தலையாட்டினார்கள். தொண்டை கிழியக் கத்தலாம்தான். கத்தினால் பயப்படுவார்கள், பயந்தால் ஒற்றை ஏணிப்பாதையில் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். குருக்களிடம் போனேன். மெலிந்த, வயதில் சிறிய மனிதர். “சாமி, மேலே கரையிலும் ஈசான்ய மூலை இருக்கிறதே. கற்பூரத்தை அங்கே காட்டலாமா? இந்தத் தரை நிற்காது” என்று காதோடு சொன்னேன். அவர் தண்ணீரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “பேஷா காட்டலாம்” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு, மணியடித்தபடி நடந்தார். தட்டுக்குப் பின்னால் கூட்டம் முழுவதும் வரிசையாக ஏறியது. நானும் ஆரோக்கியராஜும் கடைசியாக ஏறும்போது, நடுத்தரையில் இன்னோர் இடம் மெல்லப் புடைத்து, வெடித்து, அங்கேயும் மணல் பொங்கியது.

கதிர்வேல் அதைப் பார்த்துவிட்டார். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

ஜெனரேட்டர்கள் மறுபடி ஓடத் தொடங்கின. ஆனால் ஏறிவிட்ட அழுத்தம் உடனே இறங்கிவிடாது. அதற்குள் தரை நாலாபக்கமும் உடைந்து, கரையும் சரியும். செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. கீழேயிருந்து தள்ளுகிற தண்ணீருக்கு மேலேயிருந்து ஒரு கை வைத்து அமுக்க வேண்டும். அந்தக் கையும் தண்ணீர்தான். குழியை நிரப்ப வேண்டும், நாமே.

இதை ஆரோக்கியராஜிடம் சொன்னபோது அவர் மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். “தண்ணி வந்துடக் கூடாதுன்னுதான மேடம் கோடையிலேர்ந்து தூங்காம கெடக்கறேன். இப்ப நானே வுடணுமா?”

“இப்போது விட்டால் தரை உங்களுக்கு மிஞ்சும். விடாவிட்டால் தரையே இருக்காது.”

“தைக்கு அப்பறம் தண்ணிய எறச்சா, தர அப்பிடியே இருக்குமா?”

“பெரும்பாலும் இருக்கும். சத்தியம் செய்ய மாட்டேன்.”

அவர் குழியைப் பார்த்தார். கட்டி முடித்திருந்த கம்பிகள் உள்ளே மினுங்கின. கான்கிரீட் லாரிகள் உருளை சுழல வாசலில் நின்றன. அந்தச் சில நிமிடங்களில் அவருக்காக நான் பட்ட வேதனை கொஞ்சமல்ல. பிறகு எழுந்தார். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, “மாமா! வெளிய போற கொழாய உள்ள திருப்பு!” என்று கத்தினார்.

கதிர்வேல் யாரையும் ஏவவில்லை. தானே அந்தக் கனத்த குழாயைத் தோளில் தூக்கித் திருப்பினார். அடியிலிருந்து கிணறுகள் இறைத்த அதே தண்ணீர் இப்போது குழிக்குள் விழுந்தது. கலசமும் பூவும் மாவிலையும் மிதந்து, சுழன்று, நிதானமாக நடுவுக்கு வந்தன. கம்பிகள் ஒவ்வொரு வரிசையாக மறைந்தன. பிற்பகலில் மணல் பொங்குவது நின்றது. மாலையில் அங்கே ஒரு குளம் இருந்தது. கறுத்த வானம் முழுவதும் அதற்குள் அசையாமல் கிடந்தது. எங்கிருந்தோ ஒரு கொக்கு வந்து ஓரத்தில் நின்றுகொண்டது. அதுவும் இந்த இரைச்சலுக்குப் பழகிவிட்டது போலிருந்தது.

“எங்கள் ஊர் ஏரிப் பூங்காகூட ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய குழிதான். தண்ணீர் நிறைந்து ஏரியானது. இப்போது மாலையில் காற்று வாங்கப் போகிறோம்” என்று ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தேன்.

“அப்ப இங்க படகு வுட்டு டிக்கெட் கிழிக்கச் சொல்றீங்களா?” என்றார் ஆரோக்கியராஜ். சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மழை பெய்யத் தொடங்கியது.

அடுத்த நாள் லாட்ஜைக் காலி செய்யும்போது சாவி வாங்கிக்கொண்டவர், “பள்ளம் எப்பிடி மேடம்?” என்றார். நிரம்பிவிட்டது என்றேன். “நம்ம ரோட்லயும் அதேதான்” என்றார்.

தைப்பிங் திரும்பினேன். ஒவ்வொரு மாலையும் மழை. ஏரிக்கரையில் நடக்கும்போதெல்லாம், பூமிக்கு அடியில் ஒரு மிளகு எழும்பி எழும்பி ஆடுவது கண்ணுக்குள் வரும். தரை இருக்குமா இருக்காதா என்று எனக்கே தெரியவில்லை. ஆரோக்கியராஜிடம் கேட்கவும் பயம். பொங்கல் வாழ்த்துச் சொல்லக்கூட நான் கூப்பிடவில்லை.

மாசியில் ஒரு காலை, பசியாறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் ஒரே இரைச்சல். தடதடதடவென்று, அதைத் தவிர வேறொன்றும் இல்லை. அதற்குள்ளிருந்து ஆரோக்கியராஜின் குரல், கத்திக் கத்தி, துண்டு துண்டாக வந்தது. தண்ணீரை மெல்ல மெல்ல இறைத்துவிட்டார்களாம். தரை நின்றதாம். பொங்கிய இரண்டு இடங்களை மட்டும் வெட்டிச் சீர்செய்து, வேறோர் ஆய்வாளரும் வந்து பார்த்துச் சரி என்றாராம். இப்போது பூஜை நடக்கிறதாம், கரைமேல், தரையில் கீறல்கூட விழாமல். போனைக் குருக்களுக்குப் பக்கத்தில் கதிர்வேல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாராம்.

“மேடம், மந்திரம் கேக்குதா?” என்று கத்தினார் கதிர்வேல்.

காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். பம்புச் சத்தம். பம்புச் சத்தம் மட்டுமே.

“ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை, கதிர்வேல்!” என்று நானும் என் வீட்டுச் சமையலறையிலிருந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

“நல்லது மேடம்!” என்றார்.